முழு வேகமும் முழு மூச்சும்

விரைவையும் முயற்சியையும் மிகுத்துச் சொல்ல ஒவ்வொரு மொழியிலும் மரபுத்தொடர்கள் உண்டு. திருவனந்தபுரத்தில் பயிலும் தமிழ் மாணவர்க்கு அவை மூன்று வாயில்களால் வருகின்றன: வகுப்பில் ஆங்கிலம், வீதியில் மலையாளம், வீட்டில் தமிழ். இம்மூன்றும் கலக்குமிடத்தில் மொழிபெயர்ப்புத் தடுமாறுகிறது. ஆதலின் அத்தொடர்களின் பிறப்பிடத்தை அறிதல் நலம்.

'ஃபுல் ஸ்டீம் அஹெட்' என்பது நீராவிக் கப்பலில் வழங்கிய ஆணை. முழு நீராவியையும் செலுத்திக் கப்பலை முன்னே விடு என்று மேல்தளத்திலிருந்து எந்திர அறைக்குக் கூறுவது அது. 'புல் அவுட் ஆல் தி ஸ்டாப்ஸ்' என்பதோ தேவாலயத்து ஆர்கனில் பிறந்தது. ஆர்மோனியத்தின் முகப்பில் உள்ளவை போன்ற குமிழ்கள் அதிலும் உண்டு. ஒரு குமிழை இழுத்தால் ஒரு வரிசைக் குழாய்கள் ஒலிக்கும். எல்லாவற்றையும் இழுத்தால் பேரொலி எழும். 1865-இல் வெளிவந்த தம் கட்டுரை நூலின் முன்னுரையில் மாத்யூ ஆர்னால்டு இவ்வுருவகத்தை மனிதர்க்கு ஏற்றிக் கூறினார். கப்பலில் நீராவி ஓய்ந்த பின்னும் முன்னைய தொடர் ஓயவில்லை. கருவி மறையினும் சொல் வாழும் என்பதற்கு இது சான்று.

தமிழ்த் தொடர்களுள் பல உடலையும் உடையையும் பற்றி எழுந்தவை. குதிகால் கழுத்தின் பின்புறத்தைத் தொடுமளவு ஓடுபவன் 'கால் பிடரியில் பட' ஓடுகிறான். வேட்டியை இறுக்கிக் கட்டி வேலையில் இறங்குபவன் 'வரிந்து கட்டிக்கொண்டு' நிற்கிறான். மலையாளிகள் இதனையே 'அரையும் தலையும் முறுக்கி' என்பர். சட்டை அணிந்த ஆங்கிலேயனோ கையை மடித்துவிட்டுக்கொள்கிறான். உடை வேறு; ஊக்கம் ஒன்றே.

இனி, பொருள் நுட்பம் ஒன்று உண்டு. 'தலைதெறிக்க' என்பதில் வேகத்தோடு அச்சமும் கலந்திருக்கிறது. போலீசைக் கண்டவன் தலைதெறிக்க ஓடுவான். 'எங்கள் ஆசிரியர் தலைதெறிக்க உழைத்தார்' என்று பாராட்டுரையில் எழுதினால் பாராட்டு ஏளனமாகிவிடும். அவர் உழைத்தது முழுமூச்சாக. ஆங்கிலத்திலும் ஆர்கன் தொடர் முயற்சியைக் குறிக்குமேயன்றி ஓட்டத்தைக் குறிக்காது. கட்டட வேலை 'ஃபுல் ஸ்டீம் அஹெட்' நடக்கிறது என்றால், 'முழு நீராவியுடன் முன்னே' என்று பெயர்ப்பது தமிழாகாது. 'முழுவீச்சில் நடக்கிறது' என்று எழுதினால் எந்தத் தமிழனுக்கும் விளங்கும்.

அப்படியாயின் புதுத் தொடரே வரலாகாதா எனில், வரலாம். 1963 நவம்பர் 21-இல் நம் நகரை அடுத்த தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் விண்ணில் எழுந்தது. இன்று விலைவாசி 'ராக்கெட் வேகத்தில்' ஏறுவதாக நாம் இயல்பாகவே சொல்கிறோம். பொருள் நமக்குப் பழகியது, சொல்லும் பழகிவிட்டது. ஆர்கனின் குமிழோ நம்மில் பலர் கண்டறியாதது.

ஆகவே மொழிபெயர்க்க அமரும் நண்பர்கள் அகராதியைப் புரட்டுமுன் இரண்டு கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். இங்கே சொல்லப்படுவது விரைவா, உழைப்பா? விரைபவன் விரும்பி விரைகிறானா, அஞ்சி விரைகிறானா? விடை தெரிந்தால் உரிய தொடர் நம் வீட்டுப் பேச்சிலேயே கிடைக்கும். வேற்று மாநிலத்தில் வாழும் நாம் அப்பேச்சை வழங்காமல் விட்டால், நாளை அகராதியில் மட்டுமே அதனைத் தேட நேரும்.