முதுகு ஊசியும் தைராய்டும்: அன்றும் இன்றும்

குன்றத்தூரில் இடுப்பு வலி தறிக் காலத்திலும் இருந்தது. ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை ஷிப்டு பஸ் காலத்திலும் இருக்கிறது. மாறியது வைத்தியம்.

அன்று கால் மரத்துப்போனால் சென்னைப் பெரியாஸ்பத்திரிதான் கதி. டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-இல் அங்கே நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கியிருந்தார். எம்.ஆர்.ஐ. கிடையாது. தண்டுவடத்தில் அடைப்பு எங்கே என்று தெரிய, அயோடின் சேர்ந்த எண்ணெயை முதுகில் ஏற்றி எக்ஸ்ரே எடுப்பது உலகெங்கும் இருந்த வழக்கம். பாரிசில் டாக்டர்கள் சிகாரும் ஃபோரஸ்டியேவும் 1920-களின் தொடக்கத்தில் லிப்பியோடால் என்ற எண்ணெய் கொண்டு தொடங்கியது. பின்னால் வந்தது மயோடில். உறிஞ்சி எடுத்தது போக மிஞ்சிய எண்ணெய் தண்டுவடத்தின் அடியில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். தண்டுவட உறை அழன்று, சிலருக்கு ஆயுள் முழுக்க வலி. இது பெருங்கொடுமை. அயோடினும் மெல்ல ரத்தத்தில் கசியும். ரத்தப் புரதத்தோடு ஒட்டிய அயோடினை அளப்பதுதான் அன்றைய தைராய்டு டெஸ்ட். சுரப்பியில் குறையே இல்லாதவருக்கும் அளவு எகிறிக் காட்டும்.

இன்று வலிக்கு முதுகில் ஊசி போட்டுக்கொள்ள போரூர் ஆஸ்பத்திரி வரை போனால் போதும். சி-ஆர்ம் எக்ஸ்ரே திரையில் ஊசிமுனை நிற்கும் இடத்தை உறுதிசெய்ய, நீரில் கரையும் ஐயோஹெக்சால் போன்ற சாயம் ஓரிரு மில்லி, பிறகு ஸ்டீராய்டு. சாயத்தில் பெரும்பகுதி ஒரு நாளுக்குள் சிறுநீரில் போய்விடும். ஆனாலும் வழக்கமான 300 வகையில் ஒரு மில்லிக்கு 300 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. ஒரு நாளுக்கு நமக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம். 2,000 நாள் அளவு! அயோடின் சாயத்தின் மூலக்கூறோடு இறுகப் பிணைந்திருப்பதால் தைராய்டுக்குப் போய்ச் சேர்வது மிகச் சிறு பங்குதான். சி.டி. ஸ்கேனுக்கு ஏற்றும் சாயத்தோடு பார்த்தால் இந்த ஓரிரு மில்லி கொஞ்சம்தான். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது.

கவனம் வேண்டியது முன்கழுத்துக் கழலை, தைராய்டு முடிச்சு உள்ளவர்களுக்கு. அவர்களுக்குச் சுரப்பு கூடலாம். உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோயாளிகளுக்குக் குறையலாம். இது சில வாரம் கழித்தும் தெரியவரும். கூடவே போட்ட ஸ்டீராய்டும், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். அளவைத் தற்காலிகமாகத் தாழ்த்தும். பழி முழுவதையும் சாயத்தின்மேல் போட முடியாது. ஊசி போட்ட வாரத்திலேயே டெஸ்ட் எடுத்து, அதை மட்டும் நம்பி மாத்திரை அளவை மாற்றுவது சரியல்ல.

தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பின்னால் படபடப்போ தீராத அசதியோ வந்தால் டி.எஸ்.எச். பாருங்கள். தைராய்டு ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தால், சாயம் ஏற்றிய தேதியை மறக்காமல் சொல்லுங்கள். சில வாரம் தள்ளி எடுக்கச் சொல்வார்கள்.