ஒரு மீன், பல சட்டிகள்

நோர்வேயின் வடகோடிக்கு வந்துசேரும் எம்மவருக்கு, மொழி வருமுன் வேலை வருவதென்றால் அது பெரும்பாலும் மீன் தொழிற்சாலையில்தான் வரும். 1980களில் வந்த அண்ணன்மாரும் அக்காமாரும் இந்த மேசைகளில்தான் நின்றார்கள். பின்னர் வந்த நாங்களும் அங்கேயே நிற்கிறோம். காலில் றப்பர் சப்பாத்து, காதில் இரைச்சலைத் தடுக்கும் மூடி, கையில் கத்தி. முன்னால் ஓடிவருவது பெரும்பாலும் ஒரே மீன். ஆங்கிலத்தில் அதைக் கொட் என்பார்கள். நோர்வே மொழியில் தொர்ஸ்க். எழுத்தில் 'ர்' இருந்தாலும் வாயில் 'தொஷ்க்' என்றுதான் வரும். புதிதாக வந்தவர்கள் குறித்துக்கொள்ளுங்கள், மேற்பார்வையாளர் சொல்லும்போது விளங்க வேண்டும்.

நாள் முழுவதும் இந்த மீனின் முள்ளை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போனால், அங்கே சட்டியில் கொதிப்பது தமிழ்க் கடையில் வாங்கிய பாரை, விளை அல்லது அறக்குளா. உறைந்த நிலையில் பாதி உலகத்தைச் சுற்றி வந்த மீன், விலையும் அதற்கேற்றாற்போல. "தொர்ஸ்க்கா? அது சப்பென்று இருக்கும், குழம்பில் போட்டால் கரைந்துபோகும்" என்பது புதிய குடும்பங்களில் வழமையாகக் கேட்கும் பேச்சு. பேச்சில் பொய்யில்லை. ஆனால் ஏன் சப்பென்று இருக்கிறது, ஏன் கரைகிறது என்று தெரிந்துகொண்டால் இந்த மீன் வேறு மீனாகிவிடும்.

காரணம் கொழுப்பு. சாளை, கும்பளா போன்ற மீன்களில் எண்ணெய் சதையிலேயே இருக்கிறது. தொர்ஸ்க் தன் கொழுப்பை ஈரலில் சேர்த்து வைக்கிறது. சதையில் நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. அதனால்தான் சதை வெள்ளையாக இருக்கிறது, வெந்ததும் இதழ் இதழாகப் பிரிகிறது. சப்பென்று இருப்பதும் அதனால்தான். ஆனால் இந்தக் குறைதான் இதன் பலமும். கொழுப்புள்ள மீனைக் காயவைத்தால் நாளடைவில் காறல் பிடிக்கும். இது காய்ந்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. ஆகவே குளிர்பெட்டி இல்லாத காலத்திலேயே இந்த மீன் கப்பலேறி உலகம் சுற்றியது. போன இடமெல்லாம் அந்தந்த ஊர்ச் சனங்கள் தங்கள் எண்ணெயையும் கொழுப்பையும் இதற்குக் கொடுத்துத் தமதாக்கிக்கொண்டார்கள்.

முதலில் பிடிக்கும் இடத்தைப் பார்ப்போம். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பாரென்ட்ஸ் கடலிலிருந்து பெரிய தொர்ஸ்க் கூட்டங்கள் முட்டையிடுவதற்காக லோபோத்தன் தீவுகளை நாடி வரும். அப்போது இதன் பெயர் ஸ்க்ரேய். பிடித்த மீனைத் தலை வெட்டி, குடல் எடுத்து, வால்ப்பக்கம் இரண்டிரண்டாகக் கட்டி மரப் பரணில் தொங்கவிடுகிறார்கள். உப்பு ஒரு கல்லும் போடுவதில்லை. எங்கள் ஊரில் உப்பில்லாமல் கருவாடு போட்டால் மறுநாளே புழு வைக்கும். இங்கே மாரி கழியும் அந்தக் காலத்தில் வெப்பம் பூச்சியத்தைச் சுற்றி நிற்கும். அதற்கு மேல் போனால் மீன் பழுதாகும், மிகவும் கீழே போனால் உள்ளே பனிக்கட்டி பிடித்துச் சதை வெடிக்கும். இரண்டுக்கும் நடுவில் கடற்காற்று வீசுவது லோபோத்தனின் அதிர்ஷ்டம். ஈயும் இன்னும் வந்திருக்காது. இப்படிக் காய்ந்து மரக்கட்டைபோல் ஆவதுதான் தொர்பிஸ்க். ஐந்து கிலோ மீன் ஒரு கிலோவாகச் சுருங்கிவிடும். எமது மாசி அவித்து, புகைபிடித்து, வெயிலில் காய்வது. இது காற்று மட்டும் செய்த வேலை.

இன்னொரு வகை கிளிப்பிஸ்க். அது உப்பிட்டுக் காயவைப்பது, முன்னர் கடற்கரைப் பாறைகளில் விரித்தார்கள். எமது கருவாட்டுக்கு இதுதான் நெருங்கிய சொந்தம்.

நோர்வேக்காரர் புது மீனை உப்புத் தண்ணீரில் பதமாகச் சூடாக்கி, அதன் ஈரலையும் சினையையும் பக்கத்தில் வைத்து உருளைக்கிழங்குடன் உண்பார்கள். மோல்யே என்று பெயர். மீன் சதையில் வைக்காத கொழுப்பை ஈரலிலிருந்து எடுத்துத் திரும்பவும் தட்டில் சேர்க்கிறார்கள், அவ்வளவுதான். நத்தாருக்கு முன் வரும் லூத்தபிஸ்க்கைப் பற்றி எம்மவரிடையே பகிடிகள் பல உண்டு. காய்ந்த மீனை நாட்கணக்கில் ஊறவைத்து, பிறகு காரநீரில் போட்டு, மறுபடி தண்ணீரில் அலசி எடுத்தால் அது நுங்குபோல் துளும்பும். முற்காலத்தில் மரச்சாம்பலில் எடுத்த காரநீர். மேலே பன்றி இறைச்சி உருக்கிய நெய் ஊற்றுவார்கள். எங்களுக்குப் பிடிக்கவில்லை. ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள், மறுக்காமல் சாப்பிட்டவனை இங்குள்ள கிழவர்கள் மறக்கமாட்டார்கள்.

1431இல் கிரீட் தீவிலிருந்து வைன் ஏற்றிப் புறப்பட்ட வெனிஸ் வணிகர் பியெத்ரோ குவெரினியின் கப்பல் புயலில் உடைந்தது. பெரும்பாலானோர் இறந்துபோக, எஞ்சிய சிலர் 1432இன் தொடக்கத்தில் லோபோத்தன் தொடரின் கடைக்கோடியில் உள்ள றோஸ்ட் தீவுக் கரையில் ஒதுங்கினார்கள். மொழி தெரியாத அந்த மனிதர்களை அங்குள்ள மீனவக் குடும்பங்கள் மாதக்கணக்கில் வீட்டில் வைத்துச் சோறு போட்டார்கள். சோறென்றால் மீன்தான். குவெரினி இதையெல்லாம் பின்னர் எழுதி வைத்தார். இன்றும் வெனிஸுக்கு அருகே விசென்சாவில் காய்ந்த தொர்ஸ்க்கை ஊறவைத்து, வெங்காயம், பால், நிறைய ஒலிவ் எண்ணெய் சேர்த்து, கிளறாமல் மணிக்கணக்கில் சிறுதீயில் வைத்துச் சமைக்கிறார்கள். பக்கத்தில் சோளமாக் களி.

போர்த்துக்கலில் இந்த மீன் பிடிபடுவதில்லை, ஆனால் அவர்களின் தேசிய உணவே இதுதான். உப்பிட்ட மீனைப் பக்கல்யாவு என்பார்கள். நத்தாருக்கு முதல்நாள் இரவு அதை உருளைக்கிழங்கு, கோவா, முட்டையுடன் அவித்து, ஒலிவ் எண்ணெயும் உள்ளியும் விட்டு உண்பார்கள். மீனைப் பிய்த்து, மெல்லிய உருளைக்கிழங்குப் பொரியலுடனும் முட்டையுடனும் தாச்சியில் பிரட்டுவது இன்னொரு வகை. எங்கள் பிள்ளைகளுக்கு இது உடனே பிடிக்கும்.

ஜமேய்க்காவின் கதை கசப்பானது. கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வேலை செய்த ஆபிரிக்கர்களுக்குத் தீனியாக, வட அமெரிக்காவிலிருந்து தரம் குறைந்த உப்புமீனை ஏற்றி அனுப்பினார்கள். ஐரோப்பாவில் விலைபோகாத மீன். அந்த மக்கள் அதை மேற்கு ஆபிரிக்காவிலிருந்து வந்த அக்கி என்ற கொழுப்புள்ள பழத்துடன், வெங்காயமும் கொச்சிக்காயும் சேர்த்து வதக்கினார்கள். இன்று அதுவே அந்த நாட்டின் தேசிய உணவு.

நைஜீரியாவின் கிழக்கில் இக்போ மக்கள் காய்ந்த தொர்ஸ்க்கை ஒக்பொறொக்கோ என்பார்கள். 1967 முதல் 1970 வரை நடந்த பியாபிரா போரில் அந்த மக்கள் தனிநாடு அறிவித்தபோது, கடலும் தரையும் அடைக்கப்பட்டன. பட்டினியில் மாண்டவர்களில் பெருந்தொகையினர் குழந்தைகள். ஐரோப்பியத் திருச்சபைகளின் உதவி விமானங்கள் இரவில், விளக்கணைத்து, அகலமாக்கிய ஒரு தெருவில் இறங்கின. ஊலி என்பது அந்த இடம். பால்மாவுடனும் உப்புடனும் அவை கொண்டுபோனவற்றில் இந்தக் காய்ந்த மீனும் இருந்தது. மின்சாரம் இல்லாமல் கெடாது, புரதமோ நிறைய. போருக்கு முன்பே அங்கு விற்ற மீன்தான், போருக்குப் பின் வீட்டு மீனாகிவிட்டது. பொருளாதாரத் தடையைக் கண்ட எங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அவர்கள் அதைச் செந்நிறப் பனையெண்ணெயில், கீரையுடனும் அரைத்த விதைகளுடனும் குழம்பாக்குகிறார்கள். வெட்டி ஒதுக்கும் தலைகளும் காய்ந்து அங்கேதான் கப்பலேறுகின்றன. இந்தக் கரையில் தலைக்கு மதிப்பில்லை, அங்கே நல்ல விலை.

இப்போது எங்கள் சட்டிக்கு வருவோம். எங்களிடம் இருக்கும் கொழுப்பு தேங்காய். தொர்ஸ்க்குக்குத் தேவையானதும் அதுதான்.

குழம்பு வைப்பதென்றால் முதுகுப் பக்கத்துத் தடித்த துண்டுகளை எடுங்கள். அரை மணித்தியாலம் முன்னரே உப்புத் தூவி வையுங்கள். தண்ணீர் வெளியேறிச் சதை இறுகும், பிறகு ஒற்றி எடுத்துவிடலாம். வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, தூளும் பழப்புளியும் இரண்டாம் பாலும் விட்டு, மீன் இல்லாமலே குழம்பை நன்றாக வற்றவிடுங்கள். பாரைக்குச் செய்வதுபோல் மீனைப் போட்டுவிட்டுக் கொதிக்கவிடக் கூடாது. மீன் கடைசியில் வரட்டும். போட்டபின் அகப்பை வேண்டாம், சட்டியைப் பிடித்து ஆட்டினால் போதும். ஐந்தாறு நிமிடத்தில் முதற்பாலை விட்டு இறக்குங்கள்.

சொதிக்கு இதைவிட நல்ல மீன் இல்லை என்பது எங்கள் கருத்து. இறக்கியபின் தேசிக்காய் விடுங்கள். வால்ப்பக்கத்து மெல்லிய துண்டுகள் எப்படியும் உடையும், ஆகவே உடையவேண்டிய கறிக்கே அவற்றைக் கொடுங்கள். அவித்து, பிழிந்து, உதிர்த்து, மஞ்சள், தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சைமிளகாயுடன் வறை வறுத்தால், சுறா வறை உண்டு வளர்ந்தவர்களும் இரண்டாம் தரம் கேட்பார்கள். கட்லட்டுக்கும் றோல்சுக்கும் ரின் மீன் தேடவேண்டியதில்லை. கிளிப்பிஸ்க் வாங்கினால் ஒன்று அல்லது இரண்டு நாள் குளிர்பெட்டியில் தண்ணீரில் ஊறவையுங்கள், தண்ணீரை மூன்று நான்கு முறை மாற்றுங்கள். கத்தரிக்காயுடன் கருவாட்டுக் குழம்புபோல வைக்கலாம்.

விலையைப் பற்றி ஒரு சொல். தொர்ஸ்க் இப்போது மலிவான மீனல்ல. கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் அளவில்லாமல் அள்ளியதால் 1992இல் பிடிப்பதையே தடைசெய்தார்கள், 2024இல்தான் தடையை நீக்கினார்கள். ஆயிரக்கணக்கான மீனவரும் தொழிற்சாலைத் தொழிலாளரும் ஒரே நாளில் வேலையிழந்தார்கள். பாரென்ட்ஸ் கடலிலும் 2025க்கு அனுமதித்த அளவு 340,000 தொன், அப்போது அது 1991க்குப் பின் ஆகக் குறைந்ததாக இருந்தது. அளவு குறைந்தால் எங்கள் வேலை மணித்தியாலமும் குறைகிறது, கடையில் விலையும் ஏறுகிறது. ஆகவே சேய் என்ற மீனையும் பாருங்கள். தொர்ஸ்க்கின் உறவுதான், சற்றுச் சாம்பல் நிறம், விலை குறைவு, குழம்பில் அவ்வளவு உடையாது.

ஈரலைப் பற்றியும் சொல்லவேண்டும். இங்கே மாரியில் வெயில் இல்லை, எங்கள் கறுத்தத் தோலுக்கு விற்றமின் டி கிடைப்பது இன்னும் கடினம். சுத்திகரித்த மீனெண்ணெய், இங்கே திரான் என்பார்கள், ஒரு கரண்டி எடுப்பது நல்லது. ஆனால் ஈரலையே சமைத்துச் சிறுவருக்கும், கர்ப்பிணிகளுக்கும், பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் கொடுக்க வேண்டாம் என்று இந்நாட்டு உணவு அதிகாரிகள் அறிவுறுத்துகிறார்கள். கடல் மாசுகள் ஈரலில்தான் சேர்கின்றன.

கடைசியாகத் தலை. கடையில் தலையுடன் மீன் கிடைப்பது அரிது. மீன்பிடித் துறை உள்ள ஊர்களில் படகுக்காரரிடம் கேட்டால் சிரித்துக்கொண்டு தருவார்கள். லோபோத்தனில் பள்ளிப் பிள்ளைகள் அதே தலைகளில் நாக்கை மட்டும் வெட்டி விற்றுக் கைக்காசு சேர்க்கிறார்கள். மாவில் பிரட்டிப் பொரித்த தொர்ஸ்க் நாக்கு இங்கே விசேட உணவு. தலையை இரண்டாகப் பிளந்து, செவுளை எடுத்து, இரத்தம் போகக் கழுவி, மிளகும் உள்ளியும் சற்றுக் கூடுதலாகப் போட்டுக் குழம்பு வையுங்கள். இரு கன்னத்திலும் ஒரு ரூபாய்க் குற்றியளவு தடித்த சதை இருக்கும். அதில் முள் கிடையாது, சின்னப் பிள்ளைகளுக்கு எடுத்து வையுங்கள்.