இரண்டு கிர்க், ஐந்து சின்னப்பா

டீயைக் குடித்துக்கொண்டே பேசலாம், அவசரம் ஒன்றுமில்லை. 1980-களில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ‘ஸ்டார் ட்ரெக்’ என்று ஒரு தொடர் வந்தது. அமெரிக்காவில் 1966 முதல் 1969 வரை 79 பகுதிகள் ஓடிய விண்வெளிக் கதை. அதில் ஒரு பகுதியில், ஒரு விஞ்ஞானி விண்கப்பலின் தலைவரான கேப்டன் கிர்க்கை அச்சு அசலாக உரித்து வைத்தாற்போல் ஓர் இயந்திர மனிதனைச் செய்துவிடுகிறார். பிறகு இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். அசல் கிர்க் சாப்பிடுகிறார், நகல் வேடிக்கை பார்க்கிறது. இரண்டுமே நடிகர் வில்லியம் ஷாட்னர்தான்.

புதுக்கோட்டைக்காரர்கள் இதற்கு மலைக்க வேண்டியதில்லை. நம்மூர் பி.யு. சின்னப்பா 1940-லேயே ‘உத்தமபுத்திரன்’ படத்தில் இரட்டை வேடம் போட்டவர். 1944-ல் வந்த ‘ஜகதலப்பிரதாப’னில் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒரு சின்னப்பா பாடுவார், மற்ற சின்னப்பாக்கள் பக்கவாத்தியம் வாசிப்பார்கள், ஆக மொத்தம் ஐந்து பேர். ‘திருவிளையாட’லில் விறகுவெட்டியாக வந்து பாடும் சிவாஜி பல சிவாஜிகளாக மாறுவதை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். அது 1965. சின்னப்பா அதற்கு இருபத்தொரு வருஷம் முன்னால்.

இது எப்படி என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: “ரெண்டு படம் எடுத்து, வெட்டி ஒட்டிருப்பாங்க.” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சினிமா ஃபிலிமின் ஒரு கட்டம் கட்டைவிரல் நக அகலத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஒரு நொடிக்கு இருபத்துநான்கு கட்டம். ஒவ்வொன்றையும் கத்தரியால் பாதியாக வெட்டி ஒட்டினால், திரையில் அந்த ஒட்டு ஒரு பெரிய வடுவாகத் துடிக்கும். ஆகவே கத்தரிக்கு இங்கே வேலையே இல்லை. பழைய முறையில் இரண்டு சின்னப்பாவும் ஒரே ஃபிலிமில், ஒரே கட்டத்தில்தான் பதிவானார்கள்.

நம் மணிக்கட்டைப் பார்த்தால் புரியும். சித்திரை வெயிலில் அலைந்துவிட்டுக் கைக்கடிகாரத்தைக் கழற்றினால், அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கும். மறுநாள் கடிகாரம் இல்லாமல் போனால் அந்த இடமும் கறுக்கும். ஃபிலிமும் அப்படித்தான். வெளிச்சம் பட்ட இடத்தில் படம் பதியும், மூடிய இடம் படாமலே காத்திருக்கும். எனவே லென்ஸுக்கு முன்னால் இடப்பாதியை ஒரு கறுப்பு அட்டையால் மறைத்து, வலப்பக்கம் சின்னப்பாவை நிறுத்தி எடுக்கிறார்கள். பிறகு ஃபிலிமைக் கேமராவுக்குள்ளேயே பின்னுக்குச் சுற்றுகிறார்கள். அட்டையை வலப்பக்கத்துக்கு மாற்றி, அவரையே உடை மாற்றி இடப்பக்கம் நிறுத்தி மறுபடி ஓட்டுகிறார்கள். கழுவிப் பார்த்தால் இரண்டு பேர். ஐந்து பேர் வேண்டுமென்றால் திரையை ஐந்து பங்காகப் பிரித்து, ஐந்து முறை.

சொல்லிவிட்டேன், ஆனால் செய்வது நாக்குத் தள்ளும் வேலை. கேமரா இம்மியும் அசையக்கூடாது. விளக்கு மாறக்கூடாது. வெளியே வெயிலில் எடுத்தால், அவர் உடை மாற்றிவிட்டு வருவதற்குள் நிழல் நகர்ந்துவிடும். அதனால்தான் இந்த மாதிரிக் காட்சிகளைப் பெரும்பாலும் ஸ்டூடியோவுக்குள் எடுத்தார்கள். நடிகர் நடுக்கோட்டைத் தாண்டிக் கையை நீட்டினால், கை பாதியில் காணாமல் போகும். எதிரே யாரும் இல்லாத வெற்றிடத்தைப் பார்த்து, சரியான நொடியில் சிரிக்க வேண்டும். கச்சேரிக் காட்சி என்றால் தாளமும் பிசகக்கூடாது. நான்கு முறை சரியாக வந்து ஐந்தாவது முறை கோட்டைவிட்டால், முன்பு எடுத்த நான்கும் சேர்ந்து பாழ். ஃபிலிமைக் கழுவும்வரை நன்றாக வந்ததா என்று தெரியவும் வழியில்லை. இன்று கம்ப்யூட்டரில் செய்ததைப் பார்த்து வாய்பிளப்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் கோபம் வருவது இதனால்தான்.

ஹாலிவுட்டில் இந்தத் தலைவலியைக் குறைக்க ஆப்டிகல் பிரிண்டர் வந்தது. ஒரு புரொஜெக்டரையும் ஒரு கேமராவையும் நேருக்கு நேர் பார்க்க வைத்த இயந்திரம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கிர்க்குகளையும் தனித்தனி ஃபிலிமில் எடுத்துவிடலாம். நல்லதைப் பொறுக்கி, அட்டை மறைக்கும் வேலையை இந்த இயந்திரத்தில் நிதானமாகச் செய்து, மூன்றாவது ஃபிலிமில் சேர்த்துவிடலாம். இதை முன்னேற்றியவர்களில் பெரிய கை லின்வுட் டன். 1933-ல் வந்த ‘கிங் காங்’கில் வேலை செய்தவர். ‘ஸ்டார் ட்ரெக்’ தந்திரக் காட்சிகளைச் செய்த நிறுவனங்களில் அவருடையதும் ஒன்று. ஒரு நிறுவனத்தால் தாங்க முடியாத அளவுக்கு வேலை இருந்ததால், பலருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள்.

இதற்கெல்லாம் பணம், நேரம் இரண்டும் வேண்டும். வாரம் ஒரு கதை கொடுக்க வேண்டிய தொலைக்காட்சியில் இரண்டுமே பஞ்சம். ஆகவே இரட்டையர் இருவரும் முகம் தெரியப் பேசும் ஷாட் சிலதான் இருக்கும். மற்ற நேரமெல்லாம் ஒருவரின் முதுகுதான் தெரியும். அந்த முதுகு வேறு ஒருவருடையது. நம் சினிமாவில் ‘டூப்’ என்கிறோமே, அவர்தான். இருவரும் கட்டிப்பிடித்தாலோ அடித்துக்கொண்டாலோ, ஒரு முகம் கட்டாயம் ஒளிந்திருக்கும்.

இதே சிக்கனம்தான் அந்தத் தொடரின் மிகப் பெரிய அதிசயத்தையும் பெற்றது. ஒவ்வொரு வாரமும் ஒரு புதுக் கிரகத்தில் கப்பல் இறங்குவதைக் காட்டக் காசு கட்டாது. ஆளை மட்டும் கப்பலுக்குள் ஒரு மேடையில் நிற்கவைத்து, கரைத்து, கீழே கிரகத்தில் முளைக்க வைத்தால் செலவு மிச்சம். ஆள் நிற்கும் மேடையை எடுத்து, கேமராவை அசைக்காமல் வெறும் மேடையையும் எடுத்து, ஒன்றை மங்கவிட்டு இன்னொன்றைத் தெளியவிடுவார்கள். இங்கே மறைப்பு பாதித் திரை அளவில் இல்லை, ஆள் உருவத்திலேயே இருக்கும். அந்த உருவத்துக்குள் மினுங்குவது, கறுப்புப் பின்னணியில் பலத்த வெளிச்சம் பாய்ச்சித் தனியாகப் படமெடுத்த அலுமினியத் தூள்.

ஒரு ஃபிலிமிலிருந்து இன்னொன்றுக்குப் பிரதி எடுக்கும்போது படம் கொஞ்சம் மங்கி, புள்ளி புள்ளியாகும். பழைய பகுதிகள் கிடைத்தால் போட்டுப் பாருங்கள். தெளிவாக ஓடும் காட்சி திடீரென்று லேசாக மங்கினால், கேமராவும் அசையாமல் நின்றுவிட்டால், அடுத்த நொடி யாரோ மறையப்போகிறார்கள், அல்லது இன்னொரு கிர்க் வரப்போகிறார்.