மஞ்சள் காரும் ஹூக்ளிப் படகும்

மழை ஓய்ந்து நாணற்பூ வெண்மையாய் அசையும் அக்டோபர் மாதத்தில் நீங்கள் கொல்கத்தாவில் இருக்க நேர்ந்தால், ஒரு மாலைப்பொழுதைக் குடும்பத்தாருக்கென்று ஒதுக்கி வையுங்கள். பிள்ளைகளை மஞ்சள் நிற அம்பாசடர் வாடகைக் காரில் அழைத்துச் செல்லுங்கள். இதைத் தள்ளிப்போடலாகாது. பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை மாதிரியாகக் கொண்டு உத்தரபாராவில் செய்யப்பட்ட இக்காரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. பழைய வண்டிகள் விலக்கப்பட்டு வருவதால் இவை ஆண்டுதோறும் அருகி வருகின்றன. அகன்ற பின்னிருக்கையில் முதியோரும் சிரமமின்றி அமரலாம். கண்ணாடியை இறக்கிவிட்டால் ஆற்றுக் காற்றே போதும்.

பிரின்செப் படித்துறையில் இறங்குங்கள். அசோகரின் பிராமி எழுத்தைப் படித்தறிந்த ஜேம்ஸ் பிரின்செப்பின் நினைவாக எழுந்தது அங்குள்ள தூண் மண்டபம். அசோகர் கல்வெட்டுகளில் நம் சோழர், பாண்டியர் பெயர்களும் உண்டென்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தைவிட அங்கே அது நன்றாய்ப் பதியும்.

கரையோரம் சிறு படகுகள் நிற்கும். வாடகையை ஏறுமுன்பே பேசி முடியுங்கள். அதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. ஹூக்ளியில் கடலின் ஏற்றவற்றம் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பேரலை எழும்பி ஆற்றில் மேல்நோக்கி வருவதுண்டு. அதன் நேரத்தைப் படகோட்டியிடம் கேளாமல் ஏறாதீர்கள். உயிர்காப்பு அங்கி இல்லையென்றால், “அரைமணி நேரந்தானே” என்று அவர் சொன்னாலும் இணங்காதீர்கள். பிள்ளைகள் முகம் வாடினாலும் சரி, கரையிலேயே அமர்ந்திருங்கள்.

எல்லாம் சரியாய் அமைந்தால், 1992-இல் திறக்கப்பட்ட வித்யாசாகர் பாலத்தின் அருகே படகு மிதக்கையில், ஹவுரா பக்கமாய்ச் சூரியன் இறங்குவதைக் காண்பீர்கள். இருட்டுமுன் கரையேறிவிடுங்கள்.