குளியலறையில் நீரும் மின்சாரமும்

மாணவர்களே, கோவையில் பல வீடுகளுக்கு இரண்டு வகைத் தண்ணீர் உண்டு. குடிக்கவும் சமைக்கவும் சிறுவாணி. புழக்கத்துக்கு ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து ஷவருக்கும் கீசருக்கும் இறங்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். உங்கள் வீட்டில் ஷவர் பொருத்துகிறார்களா? அருகில் நின்று கவனியுங்கள். நீங்கள் படித்த இயற்பியலில் பாதி அங்கே நடக்கும்.

"ஆயிரம் லிட்டர் தொட்டி வைத்தும் ஷவர் சொட்டுகிறதே!" என்று மாடி வீட்டில் குடியிருப்பவர்கள் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். அழுத்தம் தொட்டியின் கொள்ளளவைப் பொறுத்ததன்று. நீர்மட்டத்தின் உயரத்தைப் பொறுத்தது. ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 10 கிலோபாஸ்கல். ஷவருக்கு 2 மீட்டர் மேலே நீர்மட்டம் இருந்தால் 20. கீழ்வீட்டில் 5 மீட்டர் என்றால் 50. ஆகவே பெரிய தொட்டி வாங்குவதைவிட, இருக்கும் தொட்டியை மேடை கட்டி உயர்த்துவதே பயன் தரும். தொட்டியிலிருந்து வரும் குழாய் ஒரு அங்குலமாக இருந்து, ஷவருக்கு அருகில் மட்டும் அரை அங்குலமாகக் குறையட்டும். வளைவுகள் கூடினால் உராய்வும் கூடும்.

இனி கீசர். 3 கிலோவாட் கீசர் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். விளக்குக்கும் மின்விசிறிக்கும் போன மெல்லிய கம்பியில் இதை இணைத்தால் கம்பி சூடேறி உறை உருகும். தனிக் கம்பியும் 16 ஆம்பியர் பிளக்கும் வேண்டும்.

உப்புத் தண்ணீரின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. அதில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட், சூடேறும்போது கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறி, கீசரின் சூடேற்றும் தண்டின்மீது வெள்ளை ஓடாகப் படிகிறது. (ஷவர்த் துளைகளை அடைப்பதும் இதே உப்புதான், எலுமிச்சைச் சாறு அதைக் கரைத்துவிடும்.) ஓடு தடித்தால் வெப்பம் நீருக்குப் போகாது. தண்டு அளவுமீறிச் சூடாகி, ஒருநாள் அதன் உலோக உறை வெடிக்கலாம். பிறகு மின்சாரம் நீரைத் தொடும்.

அப்போது உலோகக் குழாயைப் பிடித்தால் என்ன ஆகும்? நனைந்த உடலின் மின்தடையை 1,000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டில் 230 மில்லி ஆம்பியர் பாயும். இதயத் துடிப்பைக் குலைக்கச் சில பத்து மில்லி ஆம்பியரே போதும். ஆனால் 16 ஆம்பியர் பியூஸுக்கு 230 மில்லி ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை. பியூஸ் கம்பியைக் காக்கும்; உங்களைக் காக்காது.

உங்களைக் காப்பவை இரண்டு. கீசரின் உலோக உடலோடு சேர்ந்த எர்த் கம்பி, கசியும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும். ஆர்.சி.சி.பி. என்னும் கருவியோ, போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டு, 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும்.

பழைய வீடுகளில் ஒரு கண்ணி உண்டு. சில இடங்களில் இரும்புத் தண்ணீர்க் குழாயையே எர்த்தாகப் பயன்படுத்தியிருப்பார்கள். அந்தக் குழாயைக் கழற்றி பிளாஸ்டிக் குழாய் போட்ட அன்றே எர்த் அறுந்துபோகும், யாருக்கும் தெரியாது. பிளம்பர் போன பிறகு எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். கோடையில் எர்த் குழி காய்ந்தால் மண்ணின் தடை ஏறும். குழியில் தண்ணீர் ஊற்றிவையுங்கள்.

ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று எழுதிய சிறு பொத்தான் இருக்கும். பெரியவர்களிடம் சொல்லிவிட்டு மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். சட்டென்று மின்சாரம் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால், அதைச் சரிசெய்யும்வரை கீசரைப் போட வேண்டாம். குளிக்க அடுப்பில் வெந்நீர் வையுங்கள்.