வண்டுக்கு ஆகாத பிள்ளை வளர்ப்பான்

களத்தில் காய்ந்து, புடைத்துத் தூற்றி, பானையில் நிரப்பி வாய்கட்டி வைத்த பச்சைப்பயறு, இரண்டு மாதம் கழித்துத் திறந்து பார்க்கையில் மணிக்கு ஒரு துளையாக உளுத்துக் கிடப்பதைக் கண்டவர்கள், மூடி சரியில்லை என்றோ பானை ராசியில்லை என்றோ நொந்துகொள்வது வழக்கம். குற்றம் இரண்டிலும் இல்லை. பயறு வண்டு என்னும் அச்சிறு ஜந்து, காய் முற்றும் பருவத்தில் வயலிலேயே முட்டையிட்டு, நம் கையாலேயே நம் வீட்டுக்குள் பிரவேசித்துவிடுகிறது.

வளர்ந்த வண்டு பயற்றைத் தின்பதே இல்லை. ஒன்றிரண்டு வார ஆயுளில் பயற்றின் தோல்மேல் முட்டைகளை ஒட்டவைப்பதே தாய் வண்டின் பணி. முட்டையினின்று பிறக்கும் புழுவோ, வெளியுலகைப் பாராமலே, முட்டை ஒட்டியிருந்த இடத்திலேயே தோலைத் துளைத்து உள்ளே இறங்கி, பருப்பைக் குடைந்து தின்று, ஏறத்தாழ ஒரு மாதத்தில் வட்டமான சாளரம் ஒன்றைத் திறந்துகொண்டு வண்டாக வெளிப்படுகிறது.

ஆகவே, வண்டைக் கொல்வதைக் காட்டிலும் அது முட்டையிடாமல் தடுப்பதே புத்திசாலித்தனம். நம் முன்னோர் குதிரிலும் பத்தாயத்திலும் வேப்பிலையையும் நொச்சியையும் போட்டு வைத்ததன் சூட்சுமம் இதுவே. 1962-இல் டில்லி வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் பிரதான் என்பவரும் அவருடைய சகாக்களும், வேப்பங்கொட்டைப் பருப்பை நீரில் கரைத்துத் தெளித்த பயிரை வெட்டுக்கிளியும் தீண்டாமல் விலகுவதைக் கண்டறிந்தனர். சில ஆண்டுகளில், 100 பங்கு கோதுமைக்கு ஒன்றிரண்டு பங்கு வேப்பங்கொட்டைத் தூளே பல மாதம் காவலாக நிற்பதும் அங்கேயே தெளிவாயிற்று.

ஆயினும் என் மனத்தை அதிகம் கவர்ந்தது வசம்புதான். பிள்ளை வளர்ப்பான் என்று நாம் செல்லப் பெயர் இட்டு அழைக்கும் இக்கிழங்கிலுள்ள பீட்டா-அசரோன் என்னும் பொருள், பெண் பூச்சியின் சூலகம் வளரவொட்டாமல் தடுத்து மலடாக்கிவிடுகிறது என்பதை 1977-இல் ஜம்முவைச் சேர்ந்த விஞ்ஞானிகள் வெளிப்படுத்தினர். நமக்குப் பிள்ளை வளர்ப்பான், வண்டுக்கு நேர்விரோதம்!

இந்த அசரோன் மிகுந்த வசம்பு எண்ணெய், சோதனைச்சாலை எலிகளுக்குத் தொடர்ந்து ஊட்டப்பட்டபோது கட்டிகளை உண்டாக்கியதால், அமெரிக்க அரசு 1968-இல் உணவுப் பண்டங்களில் வசம்பைத் தடை செய்தது. எனவே, தாவரப் பொருள் என்பதாலேயே தீங்கற்றது என்று எண்ணி, சமைப்பதற்கான பயற்றில் வசம்புத் தூளைக் கலக்க வேண்டாம். விதைக்கு மட்டும், கிலோவுக்கு 10 கிராம் வீதம் கலந்துகொள்ளலாம். கடித்தால் கடக்கென்று உடையும்படி பயற்றை வெயிலில் நன்றாக உலர்த்தி ஆறவிட்ட பிறகே தூளைச் சேர்க்க வேண்டும். ஈரப் பயற்றுக்கு எந்தத் தூளும் துணை நிற்காது. துளை கண்ட பிறகு தூவுவதிலும் பயன் சொற்பமே: உள்ளே குடைந்துகொண்டிருக்கும் புழுவைத் தூள் எட்டுவதே இல்லை.