பையிலே ஒரு விளையாட்டுப் பெட்டி

தென்னிந்தியாவின் முதல் பிரயாணிகள் ரயில் 1856-ஆம் வருஷம் ஜூலை 1-ஆம் தேதி எங்கள் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. வாலாஜா ரோடு வரை, சுமார் நூறு கிலோமீட்டர். அந்த வண்டியில் குழந்தைகள் இருந்திருந்தால், பெரம்பூர் தாண்டுவதற்குள், "அம்மா, இன்னும் எவ்வளவு தூரம்?" என்று நிச்சயம் கேட்டிருப்பார்கள். ரயில்கள் எவ்வளவோ மாறிவிட்டன. அந்தக் கேள்வி மட்டும் மாறவே இல்லை!

குழந்தைகளோடு ராத்திரி ரயிலில் போயிருக்கும் தாய்மார்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. திருவொற்றியூரிலிருந்து எழும்பூர் போய்ச் சேருவதே ஒரு பிரயாணம். சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால் கேட்கவே வேண்டாம். 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் வந்த பிறகு கொஞ்சம் மூச்சு விடுகிறோம். அதற்கப்புறம் திருநெல்வேலி வரை பத்துப் பதினொரு மணி நேரம்! முறுக்கும் கதையும் செங்கல்பட்டோடு தீர்ந்துவிடும். பிறகு?

"மொபைலைக் கொடுத்துவிட்டால் போகிறது" என்பீர்கள். கொடுத்துப் பாருங்கள். டிக்கெட் அதில் இருக்கிறது. ஊரில் அண்ணன் ஸ்டேஷனுக்கு வருவதாகச் சொன்ன செய்தியும் அதில்தான் வரவேண்டும். விழுப்புரத்தில் சார்ஜ் தீர்ந்துவிடும். சார்ஜ் போடும் இடத்திலோ வேறு யாருடைய போனாவது ஏற்கெனவே தொங்கிக் கொண்டிருக்கும்!

ஆகையால் கைக்கு அடக்கமான ஒரு விளையாட்டுப் பெட்டி வாங்குவது நல்ல யோசனைதான். ஆனால் எப்படிப் பார்த்து வாங்குவது? அதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். உங்களுக்கு அந்த அனுபவம் வேண்டாம்.

மூன்று வருஷங்களுக்கு முன்பு ஊருக்குக் கிளம்பிய அவசரத்தில், ஒரு சிறு கடையில் தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிதான பெட்டி ஒன்று வாங்கினேன். மலிவான விலை. பையனுக்கு வயது ஏழு, பெண்ணுக்கு மூன்று. மேல்மருவத்தூர் வரை இருவரும் பரம சமர்த்து. திண்டிவனம் தாண்டியதும் பெட்டி கீழே விழுந்தது. பின்பக்க மூடி திறந்து கொண்டது. உள்ளே இருந்தவை சட்டைப் பொத்தான் மாதிரி இரண்டு வட்ட பாட்டரிகள். ஒன்று என் காலடியில் கிடந்தது. மற்றொன்றைக் காணோம்!

பெண்ணைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அப்பா! அந்தப் பத்து நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது. வாயைத் திறக்கச் சொல்லி விரலை விட்டுப் பார்த்தேன். அவர் பெஞ்சுக்கு அடியில் படுத்துத் தேடினார். பையன் அழ ஆரம்பித்துவிட்டான். எதிரே இருந்த பாட்டியம்மாள் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். "ஏ தாயி, இது உன் ரவிக்கைப் பொத்தானா பாரு. பாக்கோட பாக்கா கெடக்கு" என்றார். அந்த அம்மாளை நமஸ்கரிக்காததுதான் குறை!

ஏன் இவ்வளவு பயம் என்கிறீர்களா? இந்தப் பொத்தான் பாட்டரி குழந்தையின் உணவுக் குழாயில் சிக்கிக்கொண்டால், அங்குள்ள ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து, அதனால் உண்டாகும் காரம் சதையை அரித்துவிடும். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே பெரிய காயம் உண்டாகலாம். காலணா அளவில் இருக்கும் லிதியம் பாட்டரி இன்னும் ஆபத்தானது. குழந்தை அழாமலும் இருக்கலாம். வெறுமனே எச்சில் வடியலாம், இருமலாம். மூக்கில் போட்டுக்கொண்டாலும் ஆபத்துதான். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ராயபுரத்தார் ஸ்டான்லிக்கு ஓடலாம். ரயிலில் என்றால் டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லுங்கள்; 139 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

இந்தக் கைப்பெட்டி விளையாட்டு பிறந்ததே ரயிலில்தான் என்று ஒரு கதை உண்டு. ஜப்பானில் நிண்டெண்டோ கம்பெனியைச் சேர்ந்த குன்பேய் யோகோய் என்பவர், ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்ததைக் கண்டாராம். 1980-இல் 'கேம் அண்ட் வாட்ச்' வெளிவந்தது. அதிலும் பொத்தான் பாட்டரிதான். 1989-இல் வந்த 'கேம் பாய்' நான்கு பென்சில் பாட்டரிகளில் ஓடியது. வர்ணம் கிடையாது, திரையில் விளக்குக் கிடையாது. ஆனால் பத்து மணி நேரத்துக்கு மேல் உழைத்தது. அதே வருஷம் வர்ணத் திரையோடு வந்த 'அடாரி லிங்க்ஸ்', ஆறு பாட்டரிகளை ஐந்து மணி நேரத்துக்குள் தின்று தீர்த்தது. பகட்டாக இருப்பது பாதி வழியில் நின்றுவிடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் என்பவர் 1984-இல் உண்டாக்கிய 'டெட்ரிஸ்' விளையாட்டைக் கேம் பாய் உலகமெங்கும் பரப்பியது. அதைப் பார்த்து வந்ததுதான், மேலிருந்து விழும் கட்டிகளை அடுக்கும் மலிவான 'பிரிக் கேம்'. 1990-களில் நம் ஊரில் அது இல்லாத தெரு உண்டா? பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கடற்கரை ஸ்டேஷனுக்கு எதிரே நடத்திய பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியவர்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்.

சரி, கடைக்குப் போனால் என்ன பார்ப்பது?

முதலில் பெட்டியின் முதுகைப் பாருங்கள்! பென்சில் பாட்டரியா, பொத்தான் பாட்டரியா என்று கேளுங்கள். மூடிக்கு ஸ்குரு இருக்க வேண்டும். நகத்தால் நெம்பினால் திறப்பது வேண்டாம். குழந்தைகள் எழுதி அழிக்கும் மின்சாரப் பலகைகள் பலவற்றிலும் பொத்தான் பாட்டரி உண்டு என்பதை மறவாதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் தேடுங்கள். 2021 ஜனவரியிலிருந்து விளையாட்டுச் சாமான்களுக்கு அது கட்டாயம்.

இரண்டாவது, சத்தத்தை அடைக்கும் பொத்தான். இது குழந்தைக்காக அல்ல, பக்கத்துப் பெஞ்சுக்காரருக்காக!

மூன்றாவது, ஒரு ஆட்டம் இரண்டு மூன்று நிமிஷத்தில் முடிய வேண்டும். அப்போதுதான் "அண்ணா, இப்போ என் முறை" என்று கேட்க முடியும். சாப்பிடக் கூப்பிட்டால் கீழே வைக்கவும் மனம் வரும்.

சார்ஜ் போடும் ரகமானால் முதல் நாளே வீட்டில் போட்டுவிடுங்கள். பஸ்ஸிலும் காரிலும் குனிந்து ஆடினால் தலை சுற்றி வாந்தி வரும். அங்கே ஜன்னலே மேல். இரண்டிலிருந்து நான்கு வயதுக் குழந்தைகளுக்கு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. அதற்கும் சின்னக் குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம். துணிப் பொம்மை போதும்.

மறு வருஷம் பென்சில் பாட்டரி போட்ட, ஸ்குரு வைத்த பிரிக் கேம் ஒன்றோடு கிளம்பினோம். எதிரே துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். பையன் ஆடுவதைச் சற்று நேரம் பார்த்தார்.

"தம்பி, அந்த நீளக் கட்டையை ஓரமாப் போடு. முப்பது வருஷம் கப்பல்ல பெட்டி அடுக்கினவன் சொல்றேன்" என்றார்.

பையன் பெட்டியை அவர் கையில் கொடுத்தான். விழுப்புரத்தில் குழந்தைகள் இருவரும் தூங்கிவிட்டார்கள். விருத்தாசலத்தில் நான் கண் விழித்துப் பார்த்தபோது, பெரியவர் இன்னும் அடுக்கிக்கொண்டிருந்தார்!